பேராசிரியர் ஆறுமுகம் மந்திரத்தின் மின்வேதியியல் ஆய்வுப் பாதை: வோல்ட் எங்கிருந்து வருகிறது?

வைகைக்கரை:

2019 டிசம்பர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் வேதியியலுக்கான நோபல் பேருரைகள் நடந்தபோது, 97 வயதான ஜான் குடினஃப் அவர்களின் சார்பில் மேடையேறி உரையாற்றியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். நம்மில் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டது அந்தச் செய்தியின் வழியாகத்தான். கேள்விப்பட்டதும் அந்தச் செய்தியோடு நின்றுவிட்டது. குருவின் உரையை வாசித்த சீடர் என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிடுவது அவருடைய நாற்பதாண்டு உழைப்புக்கு நியாயம் செய்வதாகாது என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. அதனால் அவருடைய ஆய்வைப் பற்றி மட்டும் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் 1951-இல் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் 1974-இல் இளநிலையும் 1976-இல் முதுநிலையும் முடித்து, சென்னை ஐஐடியில் 1981-இல் முனைவர் பட்டம் பெற்றார். மதுரையில் நான்காண்டுகள் விரிவுரையாளராக இருந்தபின் 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃப் குழுவில் சேர்ந்து, மறு ஆண்டே அவருடன் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்குச் சென்றார். 1991 முதல் அங்கேயே பேராசிரியர் பணி.

அவர் கைவைத்த பொருள்களின் பட்டியல் நீளமானது: மாலிப்டேட்டுகள், செப்பு ஆக்சைடு மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துபவை), லித்தியம் மின்கலங்களின் அடுக்கு ஆக்சைடுகள், இரும்புச் சல்பேட்டு, நானோ அளவிலான பாஸ்பேட்டுகள், கந்தகம். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அலைந்ததுபோலத் தோன்றலாம். நான் படித்தவரையில், இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்விதான். ஒரு திண்மத்தில் உலோக அயனியின் எலக்ட்ரான் எந்த ஆற்றல் மட்டத்தில் இருக்கிறது, அதை ஒட்டி ஆக்சிஜனின் எலக்ட்ரான் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி. மின்கலத்தின் வோல்ட்டும், அது எவ்வளவு மின்னூட்டம் தரும் என்பதும், சூடேறினால் தீப்பிடிக்குமா என்பதும் அந்த இரண்டு மட்டங்களின் இடைவெளியிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. இதை மறுப்பவர்கள் இருந்தால் அவர்களுடைய கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

கொள்ளிடம்:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதை முதலில் கேட்டுவிடுகிறேன். அந்த ஆண்டு பரிசு குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்குப் போயிற்று. இத்தனை காலம் உடனிருந்து உழைத்த நம்மவருக்கு அதில் பங்கு கிடைக்காதது அநீதி இல்லையா? உரையாற்ற மட்டும் அழைத்தார்கள் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வைகைக்கரை:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் காலவரிசை வேறு விதமாகச் சொல்கிறது. விட்டிங்ஹாம் 1970-களில் டைட்டானியம் டைசல்பைடின் அடுக்குகளுக்குள் லித்தியத்தைச் செருகிக் காட்டினார். குடினஃப் 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு 4 வோல்ட்டை எட்டினார். யோஷினோ 1985-இல் லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கார்பனை வைத்துப் பாதுகாப்பான கலத்தை உருவாக்கினார்; சோனி நிறுவனம் 1991-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோபால்ட் ஆக்சைடு கண்டறியப்பட்டபோது மந்திரம் சென்னையில் முனைவர் பட்ட மாணவர். அந்தப் பரிசு எந்தக் கண்டுபிடிப்புகளுக்காகத் தரப்பட்டதோ அவற்றில் அவருக்குப் பங்கில்லை. அவரும் அப்படி எங்கும் உரிமை கோரியதாக நான் அறியவில்லை. அவர் பங்கு அதற்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. இல்லாத பெருமையை அவருக்குத் தேடப்போனால், இருக்கும் பெருமை கண்ணில் படாமல் போய்விடும்.

மின்பகுளி:

வைகைக்கரை ஐயா சொன்ன "அடுத்த கட்டம்" எது என்பதை நான் விரித்துச் சொல்ல முயல்கிறேன். மின்கலத்தின் நேர்முனைப் பொருள்களான கேத்தோடுகளில் பத்தாண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறேன். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

முனைவர் பட்டக் காலத்தில் மந்திரம் அருமண் உலோகங்களின் மாலிப்டேட்டுகளை ஹைட்ரஜன் வாயுவில் சூடேற்றி ஒடுக்கிக்கொண்டிருந்தார், அதாவது உலோக அயனியை எலக்ட்ரான் ஏற்கச் செய்துகொண்டிருந்தார். மின்கலத்துக்கும் அந்த வேலைக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை. குடினஃப் குழுவுக்கு வந்தபின் அந்தக் கைப்பழக்கம் அவரை இரும்பு மாலிப்டேட்டிடம் கொண்டு சேர்த்தது. ஹைட்ரஜனில் ஒடுக்கினால் இந்தச் சேர்மத்தின் கட்டமைப்பே குலைந்துவிடும். கட்டமைப்பைக் குலைக்காமல் இரும்பை மட்டும் ஒடுக்க வேண்டுமானால் லித்தியத்தை உள்ளே செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்திப் பார்த்தபோது லித்தியத்துக்கு எதிராக 3.0 வோல்ட் கிடைத்தது. இதில் வியப்பு என்னவென்றால், சாதாரண இரும்பு ஆக்சைடிலும் வேலை செய்வது, 3+ அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்று 2+ ஆகும் அதே இரும்பு இணைதான். ஆனால் அதில் 2.5 வோல்ட்டுக்கும் குறைவாகவே கிடைக்கும். உலோகம் ஒன்றாக இருக்க, வோல்ட் எப்படிக் கூடியது?

நல்ல ஆய்வாளர் இந்த இடத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்பார். மாலிப்டினத்தின் இடத்தில் டங்ஸ்டனை வைத்தார்கள். வோல்ட் அதே 3.0. கந்தகத்தை வைத்து, அதாவது இரும்புச் சல்பேட்டை எடுத்து, அதே போன்ற கட்டமைப்பில் அளந்தார்கள், வோல்ட் 3.6 ஆயிற்று. 1987-இலும் 1989-இலும் மந்திரம், குடினஃப் ஆகிய இருவர் பெயரில் மட்டும் வெளிவந்த இரண்டு கட்டுரைகளில் இது இருக்கிறது.

விளக்கம் இதுதான். வோல்ட் என்பது எலக்ட்ரான் லித்தியத்திலிருந்து இரும்புக்கு இறங்கும் ஆழம். கிணறு ஆழமானால் வாளி இறங்கும் தொலைவு கூடும். இரும்பின் மட்டம் தாழ்ந்தால் வோல்ட் கூடும். இரும்பும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களை நெருக்கமாகப் பகிர்ந்துகொண்டால், அதாவது சகப்பிணைப்புத் தன்மை மிகுந்தால், இரும்பின் மட்டம் மேலே தள்ளப்படுகிறது. இப்போது ஆக்சிஜனின் மறுபக்கத்தில் கந்தகம் இருந்தால், அது ஆக்சிஜனைத் தன் பக்கம் வலுவாக இழுத்துக்கொள்கிறது. இரும்போடு இருந்த பிணைப்பு தளர்கிறது. இரும்பின் மட்டம் கீழே இறங்குகிறது. மாலிப்டினமும் டங்ஸ்டனும் அந்த அளவுக்கு இழுப்பதில்லை. கரிம வேதியியலில் குளோரோ அசிட்டிக் அமிலம் ஏன் அசிட்டிக் அமிலத்தைவிட வலிமையானது என்று படிக்கும்போது நாம் சொல்லும் அதே தூண்டல் விளைவு, இங்கே ஒரு திண்மத்துக்குள் வேலை செய்கிறது.

இதன் பயன் சிறிதல்ல. 1997-இல் குடினஃப் குழுவிலிருந்து வெளிவந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு இந்த வழியின் தொடர்ச்சிதான். 3.4 வோல்ட், கிராமுக்கு 170 மில்லி ஆம்பியர் மணி என்ற கோட்பாட்டுக் கொள்ளளவு, விலை மலிவான இரும்பு. இன்று பேருந்துகளிலும் மின்சார ஆட்டோக்களிலும் வீட்டு மின்சேமிப்புகளிலும் இருப்பது அந்தக் குடும்பம். வோல்ட்டை உலோகம் தீர்மானிக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, உலோகத்தின் அண்டைவீட்டாருக்கு அடுத்த வீட்டார் அதைத் தீர்மானிக்க முடியும் என்று காட்டியது, என் கணிப்பில், அவருடைய ஆகப் பெரிய பங்களிப்பு.

பொருநை:

வணக்கம். நான் முதுநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மின்பகுளி ஐயாவின் கிணற்று உவமை எனக்கு மிகவும் உதவியது. இரண்டு ஐயங்கள். முதலாவது, நீங்கள் எல்லோரும் "கேத்தோடு" என்றே எழுதுகிறீர்கள். தமிழ்ப் பாடநூலில் படித்த எதிர்மின்வாய் என்ற சொல்லை ஏன் தவிர்க்கிறீர்கள்? இரண்டாவது, கோபால்ட் ஆக்சைடிலிருந்து பாதி லித்தியத்தை மட்டுமே எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். மீதிப் பாதி ஏன் கூடாது என்று கேட்டதற்குக் கட்டமைப்பு குலையும் என்ற விடை கிடைத்தது. தொடக்க இடுகையில் சொல்லப்பட்ட ஆக்சிஜனின் மட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

மின்பகுளி:

சொல்லைப் பற்றிய கேள்விக்கு விடை எளிது, அம்மா. பாடநூல் மின்னாற்பகுப்பை வைத்துக் கேத்தோடை எதிர்மின்வாய் என்கிறது. மின்கலம் மின்சாரம் தரும்போதோ கேத்தோடுதான் நேர்முனையாக இருக்கிறது. நேர்முனையை எதிர்மின்வாய் என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார் என்பதால்தான் கடன்சொல்லையே வைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது கேள்வி மிகச் சரியான கேள்வி. கட்டமைப்பு குலைகிறது என்பது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. லித்தியம் கோபால்ட் ஆக்சைடின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 274 மில்லி ஆம்பியர் மணி. நடைமுறையில் 140 அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. லித்தியத்தை வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு லித்தியத்துக்கும் ஓர் எலக்ட்ரானும் வெளியேற வேண்டும். முதல் பாதியில் அது கோபால்ட்டிடமிருந்து வருகிறது. திண்மத்தில் நெருங்கிக் கிடக்கும் ஆற்றல் மட்டங்களின் தொகுதியைப் பட்டை என்போம். ஆனால் கோபால்ட் 3+, 4+ பட்டை ஆக்சிஜனின் 2பி பட்டையின் மேல் விளிம்போடு கலந்து கிடக்கிறது. பாதியைத் தாண்டினால் எலக்ட்ரான் ஆக்சிஜனிடமிருந்தே பறிபோகத் தொடங்குகிறது. எலக்ட்ரானை இழந்த ஆக்சைடு அயனி கட்டமைப்பில் நிலைத்திருக்காது, ஆக்சிஜனாக வெளியேறுகிறது. கரிமக் கரைப்பானுக்குள் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துக் காட்டியது மந்திரத்தின் குழு. மின்கலத்தில் வைத்து லித்தியத்தை எடுத்தால், கேத்தோடோடு கார்பனும், தூளை ஒட்டவைக்கும் பிணைப்பானும், அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளியும் கலந்துவிடும். அந்தக் கலவையில் ஆக்சிஜன் அளவைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது. ஆகவே அவர்கள் மின்கலத்தையே விட்டுவிட்டார்கள். நைட்ரோனியம் டெட்ராஃபுளூரோபோரேட் என்ற வலுவான ஆக்சிஜனேற்றியை அசிட்டோநைட்ரைலில் கரைத்து, தூய ஆக்சைடுத் தூளை அதில் இட்டு, வேதி முறையிலேயே லித்தியத்தை வெளியே எடுத்தார்கள். கையில் கிடைத்தது வேறெதுவும் கலக்காத தூள். அதில் லித்தியம் எவ்வளவு, உலோகத்தின் சராசரி ஆக்சிஜனேற்ற எண் எவ்வளவு என்று தனித்தனியே அளந்தால், ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது கணக்கிலேயே வந்துவிடும். பாதி லித்தியத்தைத் தாண்டியதும் கோபால்ட் ஆக்சைடு ஆக்சிஜனை இழப்பதும், நிக்கல் ஆக்சைடு அதைவிட நெடுந்தொலைவு தாங்குவதும் இப்படித்தான் தெளிவாயின. நிக்கலின் பட்டை ஆக்சிஜன் பட்டையின் விளிம்பை மட்டுமே தொடுகிறது. மாங்கனீசின் பட்டை அதிலிருந்து நன்றாக விலகி மேலே நிற்கிறது. இன்றைய மின்மகிழுந்துகளில் நிக்கலின் விகிதம் ஏறிக்கொண்டே போவதற்குப் பின்னால் இந்த வேறுபாடு இருக்கிறது.

நொய்யல்:

மின்கலத் தொகுப்புகள் செய்யும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவன் என்ற முறையில் வேறொரு கோணத்தை முன்வைக்கிறேன். இதுவரை சொல்லப்பட்டவை எல்லாம் நானோ என்ற சொல் இல்லாமலேயே நடந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். மாலிப்டேட்டும் சல்பேட்டும் உலையில் சுட்ட தூள்கள். ஆற்றல் மட்டத்தைப் புரிந்துகொள்ளத் துகளின் அளவு தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு வந்த இருபது ஆண்டுகளில், எதை எடுத்தாலும் அதை நானோவாக்கினால் கொள்ளளவு கூடுகிறது என்று எழுதப்பட்ட கட்டுரைகள் மலைபோலக் குவிந்தன. அவற்றில் மிகச் சிலவே ஆலையின் வாசலுக்கு வந்தன.

காரணம் வெளிப்படையானது. துகளைச் சிறிதாக்கினால் லித்தியம் செல்லும் வழி குறுகும் என்பது உண்மை. அதே வேளையில் மேற்பரப்பும் பெருகுகிறது. நிக்கல் மிகுந்த கேத்தோடு 4.3 வோல்ட்டில் மின்பகுளியைத் தின்கிறது. மேற்பரப்பு பெருகினால் தின்பதும் பெருகும். அத்துடன், நானோத்தூள் பஞ்சுபோல இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் அரிசியை அளப்பதற்கும் பொரியை அளப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. எடைக்கு இவ்வளவு என்று பார்த்தால் அழகாக இருக்கும் எண், பருமனுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் சுருங்கிவிடும். எங்களுக்கு வரும் நிக்கல் தூள்களில் துகள் ஏறத்தாழ 10 மைக்ரான் அளவுள்ள உருண்டையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே மந்திரம் அவர்களின் ஆய்வில் நானோ பகுதி மற்றப் பகுதிகளின் எடைக்குச் சமமானதா என்பது என் ஐயம்.

குறிஞ்சிநிலம்:

நொய்யல் அவர்களின் கருத்தில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க இயலவில்லை. நானோவை நோக்கமாக வைத்துக்கொண்டவர்களையும், ஒரு பொருளின் குறைபாடு கேட்டதால் நானோவிடம் போனவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

1990-களில் மந்திரம் உலையை விட்டு நீர்க்கரைசலுக்கு இறங்கினார். வனேடியம், மாலிப்டினம், மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சோ அயனிகளை அறை வெப்பநிலையில் போரோஹைட்ரைடு கொண்டு ஒடுக்கி, நுண்ணிய ஆக்சைடுகளைப் பெற்றார்கள். உயர் வெப்பத்தில் சுட்டால் நிலையான கட்டமைப்புகள் மட்டுமே கிடைக்கும். சூடு காட்டாமல் செய்தால் நிலையற்றவையும் கைக்கு அகப்படும். அந்த வரிசையில் 1997-இல் நேச்சர் இதழில் வந்தது படிகமற்ற மாங்கனீசு ஆக்சி அயோடைடு. பெர்மாங்கனேட்டை அசிட்டோநைட்ரைலில் லித்தியம் அயோடைடால் ஒடுக்கிச் செய்த பொருள் அது. கிராமுக்கு ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் மணி கொடுத்தது. அது சந்தைக்கு வரவில்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி, ஒழுங்கற்ற ஒரு பொருள் ஏன் இத்தனை லித்தியத்தைத் தாங்குகிறது என்பது, உண்மையான கேள்வி.

அடுத்தது இரும்பு பாஸ்பேட்டு. தூண்டல் விளைவு வோல்ட்டைக் கொடுத்தது; ஆனால் ஒரு விலையும் கேட்டது. ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த இரும்பின் எண்முகிகளைப் பாஸ்பேட்டு பிரித்து வைப்பதால் எலக்ட்ரான் நகர வழியில்லை. லித்தியமும் ஒரே திசையில் செல்லும் சுரங்கப் பாதைகளின் வழியாகத்தான் போக முடியும். நீண்ட பாதையில் ஒரு குறை குறுக்கிட்டாலும் அந்தப் பாதை அடைபட்டுவிடும். இப்படிப்பட்ட பொருளைச் சிறிதாக்கிக் கார்பன் பூசுவதைத் தவிர வேறு வழி இல்லை. மந்திரத்தின் குழு நுண்ணலை அடுப்பின் வெப்பத்தைக் கொண்டு, கரைப்பானுக்குள் நிமிடக் கணக்கில் பாஸ்பேட்டு நானோத் தண்டுகளை வளர்த்தது. மணிக்கணக்கான உலைச் சூடு தேவைப்படவில்லை. இந்தப் பொருள் 3.4 வோல்ட்டில் இயங்குவதால் நொய்யல் அவர்கள் அஞ்சும் மேற்பரப்புத் தாக்கமும் இங்கே குறைவு. நிக்கலுக்கு ஆகாதது இரும்பு பாஸ்பேட்டுக்கு ஆகும். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதையும் அதே ஆற்றல் மட்டமே சொல்லிவிடுகிறது.

மூன்றாவது கந்தகம். என் முனைவர் பட்ட வேலையும் இதுவே என்பதால் இதைப் பற்றி எழுதும்போது கை நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். கந்தகம் கிராமுக்கு 1,675 மில்லி ஆம்பியர் மணி தரக்கூடியது. வோல்ட் 2-ஐச் சற்றே தாண்டும். தொல்லை என்னவென்றால், கந்தக வளையம் உடையும்போது தோன்றும் லித்தியம் பாலிசல்பைடுகள் மின்பகுளியில் கரைந்து, லித்தியத்தின் பக்கம் போய் ஒடுக்கமடைந்து, மீண்டும் கந்தகத்தின் பக்கம் வந்து சேரும். இந்தப் போக்குவரத்து நிற்காவிட்டால் கலம் நிறையவே நிறையாது. உலகம் முழுவதும் கந்தகத்தை நானோக் குழல்களுக்குள்ளும் நானோக் கூடுகளுக்குள்ளும் சிறைவைக்க முயன்றுகொண்டிருந்தபோது, 2012-இல் மந்திரமும் அவருடைய மாணவரும் நுண்துளைகள் கொண்ட ஒரு கார்பன் தாளை எடுத்துக் கந்தகத்துக்கும், இரு முனைகளையும் பிரித்துவைக்கும் பிரிப்புத்தாளுக்கும் இடையில் வைத்தார்கள். தப்பி வரும் பாலிசல்பைடை அந்தத் தாள் பிடித்துக்கொண்டது. மின்சாரம் கடத்தும் தாள் என்பதால், பிடித்ததை மீண்டும் வேலைக்கும் அனுப்பியது. கந்தகத்தை ஒன்றுமே செய்யாமல், கலத்தின் அமைப்பை மாற்றிச் சிக்கலைத் தணித்த அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் ஆய்வகத்தில் கார்பன் தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன்.

நொய்யல்:

குறிஞ்சிநிலம் அவர்களின் மறுமொழியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். என் ஐயத்துக்கு மந்திரமே விடை சொல்லியிருக்கிறார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். 2020-இல் அவருடைய குழு கந்தகக் கலங்களுக்கு ஐந்து அளவுகோல்களை வகுத்தது. ஒவ்வொன்றிலும் 5 என்ற எண் வரும். சதுர சென்டிமீட்டருக்குக் கந்தகம் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். கார்பன் 5 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்கு மின்பகுளி 5 மைக்ரோலிட்டருக்குக் கீழும், ஒரு மில்லி ஆம்பியர் மணிக்கு 5 மைக்ரோலிட்டருக்குக் கீழும் இருக்க வேண்டும். எதிரே வைக்கும் லித்தியத்தின் கொள்ளளவு கந்தகத்தைப்போல 5 மடங்கைத் தாண்டக் கூடாது.

இதன் பொருளை ஆலையில் இருப்பவர்கள் உடனே உணர்வார்கள். மெல்லிய பூச்சாகக் கொஞ்சம் கந்தகத்தைத் தடவி, மின்பகுளியை நிரம்ப ஊற்றி, தடித்த லித்தியத் தகட்டை எதிரே வைத்துவிட்டால் எந்தக் கந்தகக் கலமும் ஆயிரம் சுற்று ஓடும். அந்தக் கலத்தின் மொத்த எடையைப் போட்டுக் கணக்கிட்டால் ஆற்றல் அடர்த்தி ஒன்றுமில்லாமல் போய்விடும். கார்பன் 5 விழுக்காட்டுக்குள் என்று எழுதும்போது, கார்பனைக் கொண்டு தாமே புகழ்பெற்ற ஒரு துறைக்குள் அவர் தம் கையையும் கட்டிக்கொள்கிறார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

வைகைக்கரை:

கோபால்ட்டைப் பற்றி ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்யும் கொடுமையும் உலகறிந்தது. நிக்கல் மிகுந்த கேத்தோடுகளிலும் கொஞ்சம் கோபால்ட் இல்லாமல் முடியாது என்பது நெடுங்கால நம்பிக்கை. 2020-இல் மந்திரத்தின் குழு கோபால்ட்டே இல்லாமல், உலோகங்களில் 89 விழுக்காடு நிக்கலும் மீதி மாங்கனீசும் அலுமினியமும் கொண்ட கேத்தோடைச் செய்து, வழக்கமான கோபால்ட் வகைகளோடு அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டியது. கார்பனை எதிரே வைத்த முழுக் கலங்களிலும் அது ஈடுகொடுத்தது. இதைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல டெக்ஸ்பவர் என்ற நிறுவனமும் தொடங்கப்பட்டது.

1980-இல் குரு கோபால்ட்டைக் கொண்டுவந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சீடர் அதை வெளியே அனுப்பும் வழியைத் தேடுகிறார். குடினஃப் அவர்கள் 2023 ஜூன் 25 அன்று, நூறு வயதைக் கடந்து மறைந்தார்கள். இந்த வேலையைப் பார்த்துவிட்டே சென்றார்கள் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

கரும்பலகை:

அரசுப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை நான். முதல் இடுகையிலிருந்து வரிசையாகப் படித்துவந்தேன். உலோகத்தின் சராசரி ஆக்சிஜனேற்ற எண்ணை அளந்தார்கள் என்று மின்பகுளி எழுதிச் சென்ற இடத்தில் நின்றுவிட்டேன். எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெரும்பாலும் பியூரெட்டால்தான் அளந்தார்கள்.

1987-இல் இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடு 90 கெல்வினுக்கு மேல் மீக்கடத்தியாகிறது என்ற செய்தி வந்ததும், உலகமே அந்தக் கருப்புத் தூளின் பின்னால் ஓடியது. மந்திரமும் ஆஸ்டினில் அதில் இறங்கினார். அந்தச் சேர்மத்தின் நடத்தை முழுவதும் அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைப் பொறுத்தது: ஏறத்தாழ 7 இருந்தால் மீக்கடத்தி, 6-க்கு அருகே போனால் மின்கடத்தாப் பொருள். அந்த எண்ணைக் காண்பதற்கு வழி அயோடின் தரம்பார்த்தல், அதாவது வெளிப்படும் அயோடினுக்கு எவ்வளவு கரைசல் செலவாகிறது என்று பியூரெட்டால் அளப்பது. பிற்காலத்தில் லித்தியம் கேத்தோடுகளுக்கும் அவருடைய குழுவின் கட்டுரைகளில் இதே முறையைக் காண்கிறோம்.

பொருநைக்காகச் செய்முறையைச் சொல்கிறேன். சம எடையுள்ள இரண்டு பங்கு தூளை எடுத்துக்கொள், மகளே. முதல் பங்கை நீர்த்த அமிலத்தில் கரைத்து மெல்லக் கொதிக்க விட்டால் செப்பு முழுவதும் 2+ ஆகிவிடும். ஆறியபின் பொட்டாசியம் அயோடைடு சேர்த்து, வெளிப்படும் அயோடினை ஹைப்போவால் (சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல்) தரம்பார். இரண்டாம் பங்கைக் கொதிக்க விடாமல், அயோடைடு கலந்த அமிலத்திலேயே நேராகக் கரைத்துத் தரம்பார். முதல் குடுவையில் ஒரு வாய்பாட்டுக்கு மூன்று செப்பு, ஆகவே 3 பங்கு ஹைப்போ. இரண்டாவதில், உயர் ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்த செப்பும் கணக்கில் சேர்வதால் கூடுதலாகச் செலவாகும். ஆக்சிஜனின் எண்ணை எக்ஸ் என்று வைத்தால், இட்ரியத்தின் 3-ம் பேரியத்தின் 4-ம் போகச் செப்பின் மொத்த மின்சுமை 2 எக்ஸ் கழித்தல் 7. ஒவ்வொரு செப்பும் இறுதியில் 1+ ஆவதால் இன்னும் 3-ஐக் கழித்தால், இரண்டாம் குடுவையின் பங்கு 2 எக்ஸ் கழித்தல் 10. ஆக்சிஜன் 7 ஆனால் 4 பங்கு. முதல் குடுவைக்கு 15 மில்லிலிட்டர் என்றால் இரண்டாவதற்கு 20.

முதல் குடுவைக்கு 15 மில்லிலிட்டரும் இரண்டாவதற்கு 18.5 மில்லிலிட்டரும் செலவானால் ஆக்சிஜன் எவ்வளவு?

பொருநை:

ஒரு பங்கு 5 மில்லிலிட்டர் ஆகிறது, 18.5 என்பது 3.7 பங்கு. ஆகவே ஆக்சிஜன் 6.85 என்று வருகிறது, அம்மா. எங்கள் கல்லூரியில் செப்பை அயோடின் முறையில் அளக்கும் செய்முறையை இளநிலையிலேயே செய்திருக்கிறேன். அதையேதான் இங்கும் செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. செய்யும்போது எங்கே பிழை நேரும்?

கரும்பலகை:

விடை சரி. இரண்டாம் குடுவையில் கவனமாக இரு. அமிலத்தில் கிடக்கும் அயோடைடைக் காற்றின் ஆக்சிஜனும் அயோடினாக்கிவிடும்; அப்போது ஹைப்போ கூடுதலாகச் செலவாகி, தூளில் இல்லாத ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை நைட்ரஜனைக் குமிழியிட விடு. ஸ்டார்ச்சை, மஞ்சள் நிறம் வெளிறும்வரை காத்திருந்து, கடைசியில் சேர். குப்ரஸ் அயோடைடு வீழ்படிவு கொஞ்சம் அயோடினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், முடிவுப்புள்ளிக்குச் சற்று முன் அம்மோனியம் தயோசயனேட் கொஞ்சம் இடு. மூன்று முறை செய்து, 0.1 மில்லிலிட்டருக்குள் ஒத்துவந்தால் மட்டும் எழுது, 0.1 தவறினாலும் உன் ஆக்சிஜன் எண்ணில் 0.01 நகர்ந்துவிடும்.